பழைய டிராக்டரால் சீமைக் கருவேலங்கட்டைகளைப் பிடுங்கலாமா?

அடிக்கட்டை மண்ணில் இருந்தால் சீமைக் கருவேலம் மீண்டும் துளிர்த்துவிடும் என்பதால், அதைச் சங்கிலியிட்டு டிராக்டரால் இழுப்பது பலரது வழக்கம். பெரிய ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சங்கிலியைத் தாழ்வான இழுவைக் கொக்கியில் பூட்டாமல் பின் அச்சுக்கு மேலே கட்டினால், கட்டை அசையாத நிலையில் முன்சக்கரங்கள் எழும்பி, கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் வண்டி ஓட்டுபவர்மேல் மல்லாந்துவிடும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இராது. ஆகவே பெரிய கட்டைகளை ஜேசிபியிடம் விட்டுவிடுவதே மேல், வாடகை கூடினாலும்.

சிறு புதர்களை டிராக்டரின் பின்னால் பூட்டும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டரால் அழிக்கலாம். அதற்கு முன் புதருக்குள் பாழுங்கிணறு மறைந்திருக்கிறதா என்று நடந்தே பார்த்துவிட வேண்டும். நிமிடத்திற்கு 540 சுற்று சுழன்று டிராக்டரின் விசையை ரோட்டவேட்டருக்குக் கடத்தும் பிடிஓ தண்டின் மூடி கழன்றிருந்தால், தொங்கும் துண்டின் நுனி சிக்கினாலே ஆளை இழுத்துவிடும். முள் குத்தி டயர் பஞ்சராவது இவற்றின் முன் சிறு தொல்லை.