வாசகர் கேள்வி – பதில்: பட்டறையிலிருந்து சங்கத் தலைமைக்கு வந்த வால்டர் ரூதர்

கேள்வி: அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்த வால்டர் ரூதர் உண்மையிலேயே தொழிற்சாலையில் வேலை பார்த்தவரா, அல்லது தலைவரான பிறகு 'தொழிலாளி' என்ற அடைமொழி சேர்ந்துகொண்டதா?

பதில்: அவர் பட்டறையில் வளர்ந்தவர்தான். 1907 செப்டம்பர் 1 அன்று மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் பிறந்தார். தந்தை வாலன்டைன் ஜெர்மனியிலிருந்து குடியேறி, பீர் ஆலையில் வண்டி ஓட்டிப் பிழைத்தவர். பீர் ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் பொறுப்பும் வகித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன்களுக்குப் பொதுப் பிரச்சினை ஒன்றைத் தலைப்பாகக் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாட வைப்பது அவர் வழக்கம். பள்ளிப் படிப்பை இடையில் விட்டு உள்ளூர் எஃகு ஆலையில் சேர்ந்த ரூதர், பாரமான அச்சு ஒன்று காலில் விழுந்ததில் பெருவிரலை இழந்தார். 1927இல் டெட்ராய்ட்டுக்குப் போய் ஃபோர்டு தொழிற்சாலையில் டூல் அண்ட் டை வேலையில் அமர்ந்தார். காரின் தகடுகளை வடிவமாக அழுத்தும் அச்சுகளை மிக நுட்பமான அளவுகளில் செய்து தரும் வேலை அது. வேலை பார்த்துக்கொண்டே பள்ளிப் படிப்பையும் முடித்தார். 1932இல் அந்த வேலை போனபின், தம்பி விக்டருடன் ஐரோப்பா சென்று, சோவியத் நாட்டின் கோர்க்கி நகர மோட்டார் ஆலையில் புதிய தொழிலாளர்களுக்கு அச்சு வேலை கற்றுக்கொடுத்துவிட்டு 1935இல் திரும்பினார்.

கேள்வி: கைத்தொழில் தெரிந்திருப்பது சங்கப் பொறுப்பாளருக்கு உண்மையில் உதவுமா? பேச்சுத் திறமைதானே முக்கியம்?

பதில்: ரூதரின் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் பகுதியை இந்தக் கேள்வி தொடுகிறது. பேச்சுத் திறமை அவரிடம் நிறையவே இருந்தது. ஆயினும் அவருடைய பெரிய வெற்றிகளில் ஒன்று, உற்பத்தி எந்த இடத்தில் நின்றால் ஆலை முழுவதும் நிற்கும் என்பதை அறிந்திருந்ததால் கிடைத்தது.

1939இல் சங்கம் இரண்டாகப் பிளந்து, சந்தா கட்டுவோர் குறைந்து, ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் எந்தப் பிரிவோடும் பேச மறுத்த நிலையில், அந்நிறுவனத்துக்கான சங்கப் பிரிவின் பொறுப்பு ரூதரிடம் வந்தது. பொது வேலைநிறுத்தம் அறிவித்தால் பாதிப்பேர் கூட வெளியே வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதே சமயம், அடுத்த ஆண்டின் புதிய மாடல் கார்களுக்கான அச்சுகள் கோடைக்காலத்தில்தான் தயாராகும், அவற்றைச் செய்யத் தெரிந்தவர்கள் மொத்தத் தொழிலாளர்களில் மிகச் சிறிய பகுதியினர் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே ஜூலையில் டூல் அண்ட் டை தொழிலாளர்களை மட்டும் வெளியே வரச் சொன்னார். அச்சு இல்லாமல் புதிய கார் இல்லை. வரிசையில் நின்று கார்களைப் பொருத்தும் பெருந்திரளான தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் ஈடுபடாததால், வேலையில்லாதோர் உதவித்தொகை பெறும் உரிமையை இழக்கவில்லை. அவர்களின் குடும்பங்கள் பட்டினி கிடக்க நேரவில்லை. ஏறத்தாழ ஒரு மாதத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. தன் ஆட்களின் பலம் எவ்வளவு, அவர்கள் வீட்டு அடுப்பு எத்தனை நாள் எரியும் என்று கணக்கிட்டுப் பார்த்த பிறகே போராட்டத்தை அறிவிக்கும் பொறுப்பாளர்தான் தொழிலாளிக்குத் தேவை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: சங்கப் பொறுப்பு அவருக்கு உயிராபத்தாக இருந்தது என்று படித்தேன். விளக்க முடியுமா?

பதில்: 1937 மே 26 அன்று, ஃபோர்டு நிறுவனத்தின் ரிவர் ரூஜ் ஆலையின் நான்காம் வாயில் எதிரே இருந்த நடைமேம்பாலத்தில், சங்கத் துண்டறிக்கைகள் வழங்குவதற்காக ரூதரும் தோழர்களும் நின்றிருந்தார்கள். ஹாரி பென்னட் தலைமையிலான நிறுவனத்தின் காவல் பிரிவு ஆட்கள் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். ரூதரைத் தூக்கித் தூக்கித் தரையில் மோதி, படிக்கட்டில் உருட்டிவிட்டார்கள். துண்டறிக்கையோடு வந்த பெண்களும் அடிபட்டார்கள். 'டெட்ராய்ட் நியூஸ்' படப்பிடிப்பாளர் எடுத்த படங்களைப் பிடுங்க முயன்றபோது, அவர் படம் பதியாத வெற்றுப் படத்தகடுகளைக் கொடுத்துவிட்டு உண்மையானவற்றைக் காருக்குள் மறைத்து எடுத்துச் சென்றார். மறுநாள் நாடே அந்தப் படங்களைப் பார்த்தது. இருந்தும் 1941 வரை ஃபோர்டு சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை.

1948 ஏப்ரல் 20 இரவு, வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக யாரோ அவரைச் சுட்டார்கள். மனைவி மே பேசியதற்குப் பதில் சொல்லத் திரும்பியதால் குண்டுகள் மார்பில் பாயாமல் வலக்கையைச் சிதைத்தன. அடுத்த ஆண்டு தம்பி விக்டரையும் அவ்வாறே சுட்டார்கள். அவர் ஒரு கண்ணை இழந்தார். இரு வழக்குகளிலும் எவரும் தண்டிக்கப்படவில்லை. ரூதர் ரப்பர் பந்தை அழுத்தியும் மரவேலை செய்தும் கையைப் பழக்கினார் என்றாலும், அது பழைய வலுவைப் பெறவில்லை. 1970 மே 9 அன்று மிச்சிகனில் நேர்ந்த விமான விபத்தில் அவரும் மனைவியும் இறந்தார்கள்.

கேள்வி: கூலி உயர்வைத் தவிர அவர் என்ன சாதித்தார்? அவர்மீது குறையே இல்லையா?

பதில்: 1945 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸில் தொடங்கி 113 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தில் அவர் வைத்த கோரிக்கை, 30 சதவீதக் கூலி உயர்வு; ஆனால் காரின் விலையை ஏற்றக் கூடாது. முடியாது என்றால் கணக்குப் புத்தகங்களைத் திறந்து காட்டுங்கள் என்றார். கூலியை உயர்த்திவிட்டு அந்தச் சுமையை வாங்குவோர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று ஒரு சங்கத் தலைவர் சொன்னது அன்றைக்குப் புதுமை. நிர்வாகம் கணக்கைக் காட்டவில்லை. மணிக்கு பதினெட்டரை சென்ட் உயர்வோடு போராட்டம் முடிந்தது. 1946 மார்ச்சில் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் சங்கத்தின் தலைவரானார். பின்வந்த ஆண்டுகளில் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, 1955இல் ஆட்குறைப்புக் கால உதவித்தொகை ஆகியவற்றை ஒப்பந்தங்களில் சேர்த்தார்.

குறைகள் உண்டு, அவை சிறியவையும் அல்ல. 1950இல் ஜெனரல் மோட்டார்ஸுடன் செய்த ஐந்தாண்டு ஒப்பந்தம் ஓய்வூதியத்தையும் விலைவாசிப்படியையும் உறுதிசெய்தது. அதற்கு ஈடாக, உற்பத்தியின் வேகத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் நிர்வாகத்தின் கையிலேயே நின்றது. இயந்திர வரிசையின் வேகத்தால் வதைபட்ட தொழிலாளிக்கு இது உண்மையான இழப்பு. சங்கத்துக்குள் தம்மை எதிர்த்த கம்யூனிஸ்டுகளைப் பொறுப்புகளிலிருந்து அகற்றினார். 1963இல் வாஷிங்டனில் நடந்த சிவில் உரிமைப் பேரணியில், தேசியத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் நிர்வாகக் குழு ஆதரவு தர மறுத்த நிலையிலும், அவர் மேடையேறிப் பேசினார். ஆனால் அவருடைய சொந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் முதல் கறுப்பின உறுப்பினர் இடம்பெற்றதே 1962இல்தான். 1968இல் டெட்ராய்ட்டின் டாட்ஜ் மெயின் ஆலையில் கறுப்பினத் தொழிலாளர்கள் தனி அமைப்புத் தொடங்கி, நிர்வாகத்தை மட்டுமன்றிச் சங்கத் தலைமையையும் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை நியாயமானவை என்றே நான் கருதுகிறேன்.