பெங்களூருவில் மொட்டை மாடியில் நாங்கள் அமைத்த ரிப்பீட்டர், தூரத்தில் இருப்பவர்களின் குரலை விட்டுவிட்டுத் தருகிறது. டூப்ளெக்ஸரைத் திருகிப் பார்க்கலாமா?

திருகாதீர்கள்.

பின்னால் வாசிப்பவர்களுக்காகக் கேள்வியை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ரிப்பீட்டர் என்பது ஓர் அலைவரிசையில் கேட்ட குரலை அதே நேரத்தில் இன்னோர் அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும் நிலையம். ஒரே ஆன்டெனாவில் அனுப்பவும் கேட்கவும் முடியும்படி இரண்டையும் பிரித்துவைக்கும் வடிகட்டிப் பெட்டிதான் டூப்ளெக்ஸர். இவரும் நண்பர்களும் கிருஷ்ணராஜபுரம் பக்கம் ஒரு மாடியில், கால் டாக்ஸிகளிலிருந்து கழற்றிய இரண்டு பழைய வாகன ரேடியோ செட்களை இணைத்து, இணையத்தில் வாங்கிய சிறிய டூப்ளெக்ஸர் ஒன்றோடு, ஹாம் ரேடியோக்காரர்களின் 2 மீட்டர் பட்டையில் ரிப்பீட்டர் அமைத்திருக்கிறார்கள். அருகில் இருப்பவர்களின் குரல் மணி போலக் கேட்கிறது. 10 கிலோமீட்டர் தள்ளிப்போனால் குரல் துண்டுதுண்டாக வருகிறது. சில நேரம் ரிப்பீட்டர் படபடவென்று தானாகவே அடித்துக்கொள்கிறது. ரிசீவரை மாற்றுவதா, டூப்ளெக்ஸரைத் திருகுவதா என்று கேட்கிறார். அலைவரிசைகளைக் கவனிக்கும் அரசுப் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் ஒப்புதலும் உரிமமும் கையில் இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

டூப்ளெக்ஸரின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணிகளைப் பார்த்தால் கை ஊறும். எனக்கும் ஊறியது. அல்சூரில் ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் நாங்கள் நால்வர் பராமரித்த ரிப்பீட்டருக்கு ஏறக்குறைய உங்களுடைய நோயே வந்தது. நான் பூட்டு நட்டுகளைத் தளர்த்தி, ஸ்பீக்கரில் இரைச்சல் குறைகிறதா என்று காதால் கேட்டபடியே ஆறு கேவிட்டிகளையும் (ஒவ்வொன்றும் ஓர் அலைவரிசைக்கு இசைத்துவைத்த உலோக அறை) திருகினேன். மாலைக்குள் அது பக்கத்துத் தெருவையே கேட்காத நிலைக்குப் போய்விட்டது. பழைய நிலைக்குக் கொண்டுவர மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும், அலைவரிசைகளைத் திரையில் காட்டும், கெஞ்சிக் கடன் வாங்கிய ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசரும் தேவைப்பட்டன. இத்தனைக்கும் கோளாறு டூப்ளெக்ஸரில் இல்லவே இல்லை. எங்கே இருந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் அறிகுறிக்கு எங்கள் வட்டாரத்தில் டீசென்ஸ் என்று பெயர். ரிப்பீட்டர் தன் வாயால் தன் காதையே அடைத்துக்கொள்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 வாட் டிரான்ஸ்மிட்டர் 50 ஓம் கேபிளில் ஏறக்குறைய 35 வோல்ட் தருகிறது. அதே கேபிளில், அதே நொடியில், உங்கள் ரிசீவர் 0.25 மைக்ரோவோல்ட் அளவுள்ள ஒரு முணுமுணுப்பைக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 14 கோடி மடங்கு வித்தியாசம். டெசிபல் கணக்கில் 163. இவ்வளவும், அனுப்பும் அலைவரிசைக்கும் கேட்கும் அலைவரிசைக்கும் நடுவே வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நடக்கிறது. திருமண மண்டபத்தில் நாதசுரக்காரரின் பக்கத்தில் நின்றுகொண்டு, வாசலில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்பது இதைவிடச் சுலபம்.

அந்தப் படபடப்பும் இதனால்தான். மெல்லிய சமிக்ஞை வந்ததும் ஸ்குவெல்ச் (சமிக்ஞை இல்லாதபோது ஒலியை அடைத்துவைக்கும் கதவு) திறக்கிறது, டிரான்ஸ்மிட்டர் எழுகிறது. எழுந்த கணமே அதன் இரைச்சல் ரிசீவரை மூடிவிடுகிறது. ஸ்குவெல்ச் விழுந்து டிரான்ஸ்மிட்டர் அணைந்ததும், அடைத்திருந்த காது திறந்து மறுபடி அதே சமிக்ஞை கேட்கிறது. நாள் முழுக்க இப்படியே சுற்றும்.

ரிசீவரை மாற்றலாமா என்ற உங்கள் முதல் எண்ணத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ரிசீவருக்கு இரண்டு வகையில் துன்பம் வரும். டிரான்ஸ்மிட்டரின் வலிமையான சமிக்ஞை உள்ளே நுழைந்து அதைத் திணறடிப்பது ஒன்று. இதற்கு நல்ல ரிசீவரோ முன்னால் நல்ல வடிகட்டியோ உதவும். மற்றது, எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் அலைவரிசைக்கு இருபுறமும் மெல்லிய இரைச்சலைத் தூவிக்கொண்டே இருக்கும். அது நேராக நீங்கள் கேட்க வேண்டிய அலைவரிசையின் மேலேயே விழுவது. இதை ரிசீவர் பக்கத்தில் எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது, ஏனென்றால் அதுவும் வேண்டிய சமிக்ஞையும் ஒரே இடத்தில் கிடக்கின்றன. டிரான்ஸ்மிட்டரை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அதைத் தடுக்க வேண்டும். டூப்ளெக்ஸரின் பாதி வேலை அதுதான். இது புரியாமல் விலை உயர்ந்த ரிசீவர் வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, கோளாறு எங்கே என்று எப்படிப் பிரிப்பது? டிரான்ஸ்மிட்டரை எழுப்பும் பி.டி.டி. கம்பியைக் கழற்றி டிரான்ஸ்மிட்டரை ஊமையாக்குங்கள். நண்பர் ஒருவரைக் கைச்செட்டோடு தொலைவுக்கு அனுப்பி, இரைச்சலுக்கு நடுவே குரல் தட்டுத்தடுமாறி வரும் இடத்தில் நிறுத்திப் பேசச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த நண்பர் கெங்கேரியில் வீட்டு மாடியிலேயே நின்றார். ரிசீவரின் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே டிரான்ஸ்மிட்டரைக் கையால் இயக்குங்கள். குரல் அப்படியே இருந்தால் டீசென்ஸ் இல்லை. குரல் இரைச்சலில் மூழ்கினால் உண்டு.

உண்டு என்றால், ஆன்டெனா கேபிளை டூப்ளெக்ஸரிலிருந்து கழற்றி, அந்த இடத்தில் 25 வாட்டைத் தாங்கும் டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் வெப்பமாக விழுங்கும் போலி ஆன்டெனா) மாட்டி அதே சோதனையைச் செய்யுங்கள். ஆன்டெனா இல்லாதபோது சமிக்ஞை எப்படி வரும் என்று கேட்பீர்கள். இணைப்புகளின் வழியே கொஞ்சம் கசியும். கைச்செட்டைக் குறைந்த வாட்டில் வைத்து, இரைச்சலோடு குரல் வரும் தூரத்துக்கு மாடிப்படியில் நண்பரை ஏற்றி இறக்கினால் போதும். ஆய்வுக்கூடத்தில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மொட்டை மாடியில் வேலை நடக்கும்.

டம்மி லோடிலும் இரைச்சல் வந்தால் குற்றவாளி உள்ளே இருக்கிறான்: டூப்ளெக்ஸர், இணைப்புக் கேபிள்கள், அல்லது செட்களின் உடலிலிருந்து வரும் கசிவு. கசிவைத் தனியாகப் பிடிக்க வேண்டுமென்றால் டிரான்ஸ்மிட்டரை நேராக டம்மி லோடில் விட்டுவிட்டு, ரிசீவரை மட்டும் டூப்ளெக்ஸர் வழியே ஆன்டெனாவில் வையுங்கள். அப்போதும் காது அடைத்தால் இரண்டு செட்களையும் ஒரே பெட்டியில் ஒட்டிவைத்ததுதான் தவறு. டம்மி லோடு போட்டதும் இரைச்சல் ஓடிப்போனால், உள்ளே எதையும் தொடாதீர்கள். குற்றவாளி கேபிளிலோ ஆன்டெனாவிலோ அதற்கும் வெளியிலோ இருக்கிறான்.

இந்தச் சோதனையை நான் திருகாணிகளைத் தொடுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டும். மூன்று ஞாயிறுகள் போன பிறகு செய்தேன். டம்மி லோடில் ரிப்பீட்டர் தங்கமாக வேலை செய்தது. ஆகவே கேபிளை மாற்றினோம். ஆன்டெனாவை இறக்கி, துடைத்து, மறுபடி ஏற்றினோம். கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்று அறுத்துப் பார்த்தோம், இல்லை. நோய் மட்டும் போகவில்லை. அதற்கு ஒரு விசித்திரமான குணமும் இருந்தது. மழை பெய்தால் குணமாகிவிடும். வெயிலும் காற்றும் சேர்ந்த பிற்பகலில் கரகரவென்று வந்துவிடும். தண்ணீர் புகுந்த கேபிள் என்றால் இதற்கு நேர்மாறாக அல்லவா நடக்க வேண்டும்?

ஒரு நாள் டிரான்ஸ்மிட்டரை ஓடவிட்டு ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் மாடியில் இருக்கும் அம்மா, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், காய்ந்த புடவைகளை எடுக்க வந்தார். இரண்டு புடவை எடுத்திருப்பார், நின்று என்னைப் பார்த்தார். "தம்பி, நான் துணியை இழுக்கும்போதெல்லாம் உங்கள் பெட்டி இருமுகிறதே, கவனித்தீர்களா?"

கவனிக்கவில்லை. மறுபடி இழுக்கச் சொன்னேன். இருமியது. விட்டால் நின்றது. ஆன்டெனாவுக்கு நான்கு மீட்டர் தள்ளி, துருப்பிடித்த இரும்புக் கொக்கியில் துருப்பிடித்த துணிக்கம்பியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இரண்டு துருப்பரப்புகள் லேசாக உரசும் இடம் ஒரு மட்டமான டையோடு போல நடந்துகொள்ளும். பக்கத்தில் 25 வாட் அலை வீசும்போது அந்த இணைப்பு நடுங்கி நடுங்கி எல்லா அலைவரிசையிலும் இரைச்சலைக் கிளப்பும். அதில் ஒரு பங்கு ஆன்டெனா வழியே நம் ரிசீவருக்கே திரும்பி வரும். நனைந்தால் இணைப்பு ஓரளவு ஒட்டிக்கொண்டு அடங்கிவிடும். மழையில் குணமானதன் மர்மம் அவ்வளவுதான். கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டிக்கொடுத்தேன். அந்தக் கயிற்றுக்கு ஆன பணம், அந்த மூன்று வாரங்களில் நாங்கள் குடித்த காபிக்கு ஆனதில் பாதிகூட இராது.

அதனால் உங்கள் மாடியிலும் டம்மி லோடு சோதனை வெளியே கைகாட்டினால், டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது ஒரு மூங்கில் கழியால் கம்பத்தையும் கிளாம்புகளையும் கைப்பிடிக் கம்பியையும் தகரக் கூரையையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். தட்டும் இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் பேச்சுவார்த்தை இருந்தால் பிடித்துவிட்டீர்கள். கையால் ஆட்டாதீர்கள், ஆன்டெனா அருகே நிற்கவும் வேண்டாம்.

இணைப்புக் கேபிள்களைப் பற்றி ஒரு வார்த்தை. டூப்ளெக்ஸருக்கும் செட்களுக்கும் நடுவே சாதாரண ஆர்.ஜி.58 போட்டிருந்தால் உடனே கழற்றுங்கள். ஒற்றைப் பின்னல் உறை கசியும். வெள்ளி முலாம் பூசிய இரட்டைப் பின்னல் உள்ள ஆர்.ஜி.400 அல்லது ஆர்.ஜி.214 வேண்டும். எஸ்.பி. ரோடு மின்னணுக் கடைகளில் உறையின்மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரு முனையை உரிக்கச் சொல்லிப் பின்னலைப் பாருங்கள். இடைவெளி வழியே வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். அலுமினியத் தகடும் பின்னலும் சேர்ந்த கேபிளில் இழப்பு குறைவு என்று நண்பர்கள் சிபாரிசு செய்வார்கள். ஒரு செட்டுக்கு அது நல்ல கேபிள்தான். ஒரே கேபிளில் அனுப்பிக்கொண்டே கேட்கும் ரிப்பீட்டருக்கு ஆகாது. தகடும் பின்னலும் உரசிக்கொண்டு, துணிக்கம்பி செய்த அதே வேலையைச் செய்யும்.

ஆடியோ பக்கத்தையும் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் குரல் துண்டாவதற்கு அதுவும் காரணமாகலாம். குரலை உயர்த்தும்போது மட்டும் அறுபடுகிறதா? அப்படியென்றால் அது டீசென்ஸ் அல்ல. ஒரு செட் 12.5 கிலோஹெர்ட்ஸ் குறுகிய சானலிலும், பேசுபவரின் செட் அகன்ற சானலிலும் இருந்தால், உரத்த குரல் ரிசீவரின் வடிகட்டிக்கு வெளியே போய் அறுந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே அகலத்தில் நிரல்படுத்துங்கள். குரல் தகரத்தில் ஆணி கீறுவதுபோல் ஒலித்தால், ரிசீவரில் அலையிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கும் டிஸ்கிரிமினேட்டரின் ஆடியோவை எடுத்து டிரான்ஸ்மிட்டரின் மைக் உள்ளீட்டில் கொடுத்திருப்பீர்கள். பேசுபவரின் செட் உயர் ஒலிகளை ஏற்கெனவே ஒருமுறை தூக்கி அனுப்பியிருக்கிறது. மைக் உள்ளீடு இரண்டாம் முறை தூக்குகிறது. டிஸ்கிரிமினேட்டரிலிருந்து எடுத்தால், குரலை அலையில் ஏற்றும் மாடுலேட்டரில் நேராகக் கொடுங்கள், ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து எடுத்தால் மைக்கில் கொடுங்கள். கலக்காதீர்கள்.

கால் டாக்ஸி செட்கள் ஒரு நிமிடம் பேசி ஐந்து நிமிடம் ஓய்வெடுக்கப் பழகியவை. 45 வாட் செட்டை 15 வாட்டுக்கு இறக்கி, பின்னால் ஒரு விசிறி வைத்து, தொடர்ந்து பேசினால் மூன்று நிமிடத்தில் டிரான்ஸ்மிட்டரை அணைக்கும் டைமரும் போடுங்கள். வாட்டைக் குறைப்பது டீசென்ஸுக்கும் நல்லது. 25லிருந்து 5 வாட்டுக்கு வந்தால் 7 டெசிபல் குறையும். தூரத்தில் கேட்பவர்களுக்குப் பெரிய நஷ்டம் தெரியாது.

கடைசியாக, உங்கள் டூப்ளெக்ஸர். கேள்வியில் 'சிறிய' என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. புத்தக அளவில் ஆறு திருகாணிகளோடு விற்கப்படும் வி.ஹெச்.எஃப். டூப்ளெக்ஸர்கள் பெரும்பாலும் வணிக ரேடியோக்களுக்காக, 5 மெகாஹெர்ட்ஸ் அளவு இடைவெளிக்குச் செய்யப்பட்டவை. நம்முடையது 0.6 மெகாஹெர்ட்ஸ். அதை என்ன திருகினாலும் வேண்டிய 80, 90 டெசிபல் பிரிப்பு வராது. இந்த அலைவரிசையில் கால் அலைநீளமே அரை மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே உருப்படியான கேவிட்டி என்றால் பால் கேனைப் போல உயரமாகத்தான் இருக்கும். வடிகட்டிகளை அளக்கும் சிறு கருவியான நானோ வி.என்.ஏ. வைத்துச் சரிசெய்யலாமே என்று யாராவது சொன்னால், அது ஏறக்குறைய 70 டெசிபல் ஆழம் வரைதான் பார்க்கும் என்பதை நினைவில் வையுங்கள். வடிகட்டி அலையை அறுக்கும் பள்ளத்தின் அடி எங்கே என்று அதற்கே தெரியாது.

பெரிய கேவிட்டிகளுக்குப் பணமில்லை என்றால் வேறு வழி உண்டு. ஒரே கம்பத்தில் இரண்டு ஆன்டெனாக்களை மேலும் கீழுமாக 10 மீட்டர் இடைவெளியில் வைத்தாலே ஏறக்குறைய 55 டெசிபல் பிரிப்பு இலவசமாகக் கிடைக்கும். மீதியை எளிய கேவிட்டிகள் பார்த்துக்கொள்ளும். கம்பம் அவ்வளவு உயரமில்லையா? ரிசீவரைச் சில கிலோமீட்டர் தள்ளி வேறொரு நண்பரின் மாடியில் வைத்து, ஒப்புதல் வாங்கிக்கொண்டு, 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் ஓர் இணைப்பு போட்டுக் குரலைக் கொண்டுவாருங்கள். அப்போது 2 மீட்டர் டூப்ளெக்ஸரே தேவைப்படாது.

முதலில் அந்த டூப்ளெக்ஸர் பெட்டியைப் புரட்டி, ஒட்டியிருக்கும் சீட்டில் இடைவெளி எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு டம்மி லோடு சோதனையைச் செய்து, இரண்டு விடைகளையும் கீழே எழுதுங்கள். ஞாயிறு காலை என்றால் நானே மூங்கில் கழியோடு வருகிறேன்.