பொருளாதார வளர்ச்சிக்கு மாற்று தேடும் கலைவிழாக்களால் ஏதாவது பயன் உண்டா?

"பக்கத்தில் நடக்கப்போகும் சமூகக் கலைவிழாவுக்கு உதவ என்னை அழைத்திருக்கிறார்கள். 'பொருளாதார வளர்ச்சிக்கு மாற்று' என்பதுதான் கரு. நாடகம் போட்டு ஜிடிபியை, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பை, என்ன செய்துவிட முடியும்? போவதில் அர்த்தம் இருக்கிறதா?" கேள்வி இதுதான்.

ஜிடிபியை ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் போகச் சொல்வேன். இந்த மாதிரி விழாக்களில் நாற்காலி அடுக்குவதில் தொடங்கி வரவு செலவு எழுதுவது வரை செய்திருக்கிறேன். அங்கே ஆகச் சுமாரான பகுதி மேடைப் பேச்சுதான். மைக்கில் சொல்வதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே படித்துக்கொள்ளலாம். விழாவை எப்படி நடத்துகிறார்கள், எதைக் கணக்கில் எடுக்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் போக வேண்டும். பெருகிக்கொண்டே போகாமல் ஒரு காரியத்தை நடத்த முடியுமா என்பதற்கு அந்த விழாவே ஒரு சின்னப் பரிசோதனை. அது பல இடங்களில் சறுக்கும். சறுக்கும் இடங்கள்தான் சுவாரசியம்.

பொருளாதாரம் பேசக் கலைக்காரர்கள் எதற்கு என்று கேட்பார்கள். 1966இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள், நாடகக் குழுக்களும் இசைக் குழுக்களும் ஏன் எப்போதும் பணமுடையிலேயே இருக்கின்றன என்று ஆராய்ந்தார்கள். நாலு பேர் அரை மணி நேரம் வாசிக்கும் இசைக்கு இருநூறு வருடத்துக்கு முன்னாலும் நாலு பேர், அரை மணி நேரம், இன்றைக்கும் அதேதான். ஆளைக் குறைத்துப் பத்து நிமிடத்தில் முடித்தால் உற்பத்தித் திறன் கூடிவிட்டது என்று யாரும் பாராட்ட மாட்டார்கள். தொழிற்சாலையிலோ ஒரு மணி நேர உழைப்பில் வரும் பொருள் வருடாவருடம் கூடுகிறது, அதோடு சம்பளமும் ஏறுகிறது. கலைஞரும் அந்த உலகத்தில்தானே வாழ வேண்டும்? அதனால் அவருக்கும் ஏற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கச்சேரி அதே கச்சேரி, செலவு மட்டும் ஏறுகிறது. இதற்குப் பொருளியலில் 'செலவு நோய்' என்று பெயர். குழந்தையைப் பார்த்துக்கொள்வது, நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பது, பாடம் சொல்லித்தருவது என்று பல வேலைகளுக்கும் இதே 'நோய்' உண்டு. அவசரப்படுத்தினால் கெட்டுப்போகிற வேலைகள் இவை. அந்த வகை வேலையை அன்றாடம் செய்கிறவர்கள் வளர்ச்சியைப் பற்றிப் பேச வருவது பொருத்தம்தான்.

கலையால் நன்றாகச் சொல்ல முடிகிற இன்னொன்று இரட்டிப்பு. ஆண்டுக்கு 3 சதவீத வளர்ச்சி என்றால் கேட்க அடக்கமாகத்தான் இருக்கிறது. அந்த வேகத்தில் ஒரு பொருளாதாரம் 24 ஆண்டுகளுக்குள் இரண்டு மடங்காகும், நூறு ஆண்டில் 19 மடங்கு. வரைபடம் போட்டுக் காட்டினால் கொட்டாவி விடுவார்கள். ஒரு நாடகக் குழு இதை விளையாட்டாகச் செய்தது. தரையில் ஒரு வட்டம், உள்ளே ஒருவர். மணி அடித்தால் இருவர், அடுத்த மணிக்கு நால்வர், அப்புறம் எட்டு. பதினாறில் முழங்கை இடித்தது. முப்பத்திரண்டில் சிரிப்பும் கூச்சலுமாகி ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். அதற்கு மேல் மணியடிக்க விடவில்லை. அப்போது ஒரு பையன் "வட்டத்தைப் பெருசா போடுங்க!" என்று கத்தினான். வளர்ச்சியை ஆதரிக்கும் பொருளியலாளர்களின் பதிலும் ஏறக்குறைய அதுதான்: தொழில்நுட்பம் வட்டத்தைப் பெரிதாக்கும் என்கிறார்கள். 1972இல் கிளப் ஆஃப் ரோம் என்ற சிந்தனையாளர் அமைப்புக்காக, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்ச்சிக்கு எல்லை உண்டா என்று கணினியில் ஓட்டிப் பார்த்ததும், அதைச் சுற்றி இன்றுவரை நடக்கும் சண்டையும் இந்த வட்டத்தைப் பற்றியதுதான். அன்றைக்கு அந்தப் பையனுக்குப் பதில் சொல்லப் புறப்பட்டவர்கள் மேடைப் பேச்சாளர்களைவிட உருப்படியாகப் பேசினார்கள்.

இனி எனக்கு எரிச்சல் தந்த விஷயம். விழாவுக்கு நிதி கொடுத்த ஓர் அமைப்பு, முடிந்ததும் ஒரு படிவம் அனுப்பியது. போன முறையைவிட எத்தனை சதவீதம் கூடுதல் பார்வையாளர்கள்? வந்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு செலவு செய்தார்கள்? அடுத்த முறைக்கு இலக்கு என்ன? விழாவின் தலைப்பைப் படித்துவிட்டுத்தான் நிதி கொடுத்தார்களா என்றே தெரியவில்லை. 'போதுமான பேர் வந்தார்கள், அடுத்த முறையும் இதே அளவு' என்று எழுத அதில் இடம் கிடையாது. நவீன தேசிய வருமானக் கணக்குக்கு அடித்தளம் போட்ட சைமன் குஸ்னெட்சே, 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், ஒரு நாட்டின் நலனை தேசிய வருமானம் என்ற எண்ணை வைத்து ஊகித்துவிட முடியாது என்று எச்சரித்திருந்தார். எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அது நிதித் துறையிலிருந்து இறங்கி கலைவிழாப் படிவம் வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் நிதி கொடுப்பவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். விழாவுக்கே வளர ஆசை வரும். பர்னிங் மேன் என்ற அமெரிக்கக் கலைவிழா 1986இல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் சில பேர் கூடி ஆரம்பித்தது. இன்று நெவாடா பாலைவனத்தில் எழுபதாயிரம் பேர் அளவுக்குக் கூடுகிறார்கள். ஐஸ் போன்ற ஒன்றிரண்டைத் தவிர உள்ளே எதையும் விற்கக் கூடாது, எல்லாம் பரிசுதான் என்பது விதி. உள்ளே நுழையும் டிக்கெட்டோ பல நூறு டாலர். உற்பத்தியையும் நுகர்வையும் திட்டமிட்டுக் குறைக்கச் சொல்லும் 'வளர்ச்சிக் குறைப்பு' பற்றிய மாநாடுகளும் அப்படித்தான்: 2008இல் பாரிசில் தொடங்கிய வரிசை 2014இல் ஜெர்மனியின் லைப்சிக் வந்தபோது ஏறத்தாழ 3,000 பேர். வளர்ச்சி வேண்டாம் என்கிற கூட்டமும் வளர்கிறதே என்று கிண்டல் செய்யலாம்தான். கருத்து பரவுவதும் சரக்கு பெருகுவதும் ஒன்றல்ல என்பது அவர்கள் தரப்பு. அதில் பாதி நியாயம் இருக்கிறது.

பழுது பார்க்கும் மேசை அநேகமாக இந்த மாதிரி எல்லா விழாவிலும் இருக்கும். 2009இல் மார்ட்டின் போஸ்ட்மா என்பவர் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே, அதாவது கெட்டுப்போன சாமான்களைக் கூடி உட்கார்ந்து சரிசெய்யும் இடம், அதன் வழியில் வந்தது இது. மின்விசிறியும் தையல் மெஷினும் சரியாகிவிடும். பசை போட்டு ஒட்டிய போனைத் திறக்கவே முடியாது. கூட்டம் சேர்வது அங்கேதான். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் அதிக நேரம் நிற்பது நேரப் பலகை முன்னால். காசுக்குப் பதில் மணிக்கணக்கை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. 1983இல் கனடாவின் கோமாக்ஸ் பள்ளத்தாக்கில் மைக்கேல் லிண்டன், ஊருக்குள் காசில்லாமல் கொடுத்து வாங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்காவில் எட்கர் கான், யாருடைய மணி நேரமும் ஒரே மதிப்பு என்ற நேர வங்கியைப் பரப்பினார். விழாவில் அது ஒரு பலகை, இரண்டு பத்தி: 'தருவேன்', 'வேண்டும்'. தருகிற பத்தியில் கிடார், ஓவியம், யோகா, கதை சொல்வது என்று வழிந்தது. வேண்டும் என்ற பத்தியில் என்ன தெரியுமா? படுக்கையில் இருக்கும் அம்மாவோடு ஒரு மணி நேரம் இருக்க ஆள், பரணை ஒழிக்க ஆள், அரசுப் படிவம் நிரப்பத் தெரிந்த ஆள். இரண்டு பத்தியும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. கழிப்பறை கழுவுவதைத் தருகிற பத்தியில் யாரும் எழுதவில்லை.

இதை ஒரு கலைஞர் எப்போதோ பிடித்துவிட்டார். மியர்லி லாடர்மன் யூக்கலஸ் 1969இல் எழுதிய அறிக்கையில், புரட்சியெல்லாம் முடிந்த பிறகு திங்கட்கிழமை காலை குப்பையை யார் அள்ளுவது என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. 1977 முதல் நியூயார்க் துப்புரவுத் துறையில் சம்பளம் இல்லாத கலைஞராக இருந்தார். 1979 - 80இல் அங்கிருந்த ஏறத்தாழ 8,500 தொழிலாளர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கைகுலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார். அதுதான் அவருடைய கலைப்படைப்பு. புதிதாக ஒன்றைச் செய்வதற்குத்தான் பெயரும் பணமும், இருப்பதைக் கெடாமல் பார்த்துக்கொள்வதற்கு ஒன்றுமில்லை என்பதை இதைவிட நேராக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. பலகையைப் பார்த்த பிறகு எங்கள் விழாவில் ஓர் ஏற்பாடு செய்தோம்: மேடையேறுகிற எல்லோர் பெயரும் துப்புரவு முறைப் பட்டியலிலும் வரும். ஒரு பேச்சாளருக்கு அது பிடிக்கவில்லை, வரவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

சரி, நீங்கள் போய் என்ன செய்யலாம்? இந்த விழாக்களின் பலவீனமான இடம் ஒன்று உண்டு: வறுமையை அழகாக்கிவிடுவார்கள். விளக்கு வெளிச்சம், கைத்தறி, மெதுவான வாழ்க்கை. இருக்கிறவர்கள் குறைத்துக்கொள்வது ஒன்று, இல்லாதவர்களிடம் போய்க் குறையுங்கள் என்பது வேறு. வளர்ச்சிக் குறைப்பைப் பேசுகிற ஆய்வாளர்கள் இது பணக்கார நாடுகளுக்கான பேச்சு என்று தெளிவாகவே சொல்கிறார்கள். மேடையில் அது காணாமல் போய்விடும். அதனால் மன்ற நாடகம் ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். பிரேசில்காரர் அகஸ்டோ போல் உருவாக்கிய வடிவம். பார்ப்பவர் யாரும் காட்சியை நிறுத்தி, பாத்திரத்தின் இடத்தில் தானே ஏறி வேறு விதமாக நடித்துக் காட்டலாம். 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது இதே முறையில் மக்களிடம் யோசனை வாங்கி 13 சட்டங்கள் நிறைவேற வழி செய்தார்.

காட்சியில், ஆலை மூடினால் வேலை போய்விடும் என்று பயப்படுகிற ஒரு தொழிலாளியைக் கட்டாயம் வையுங்கள். நாங்கள் வைத்தோம். பார்வையாளர்களில் ஒருவர் ஏறி, இருக்கிற வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம், எல்லோரும் வாரத்துக்கு நாலு நாள் போகலாம் என்றார். தொழிலாளியாக நடித்தவர், "கடன் தவணையும் நாலு நாளுக்குத்தான் கேட்பார்களா?" என்று திருப்பிக் கேட்டார். அடுத்து ஏறியவர்கள் கடன், வட்டி, வாடகை என்று போய்விட்டார்கள். நேரம் முடிந்தும் இறங்கவில்லை. உங்கள் விழாவில் இந்தக் காட்சிக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். தவணைக் கேள்விக்கு யாராவது நல்ல பதில் சொன்னால் இங்கே வந்து எழுதுங்கள்.