பேப்பர் கப்பில் வந்த காபி

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. காரைக்குடி பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறையில் பேக்கிங் வேலை. கூட வேலை பார்க்கும் பெண்ணும் நானும் இரண்டு வருஷமாகக் காதலிக்கிறோம். வீட்டில் அவளை என் தோழி என்றுதான் நினைக்கிறார்கள். அவள் காலனியில் இருந்து வருபவள். அவள் வந்தால் அம்மா அவளுக்கு மட்டும் பேப்பர் கப்பில் காபி தருவார். அதைச் சொல்லி அழுதாள். "நம்ம விஷயம் தெரிஞ்சா ஊரு ரெண்டு பேரையும்தானே ஒதுக்கும், நமக்குள்ள என்ன ஜாதி?" என்றேன். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் சொன்னதில் என்ன தப்பு?

பதில்: தங்கச்சி, நீ சொன்னது ஆறுதல்தான். ஆனால் உனக்கு.

இதே பேச்சை 1950களின் நியூயார்க்கில் ஒருத்தி பேசியிருக்கிறாள். ஆட்ரி லார்ட் என்ற கறுப்பினக் கவிஞர், பெண்களைக் காதலித்தவர், இளவயதில் ரேடியோ, ரேடார் கருவிகளுக்கான படிகங்களைச் செய்யும் ஃபேக்டரியில் கூலி வேலை பார்த்தவர், 1982இல் வந்த 'ஸாமி' என்ற நூலில் எழுதுகிறார்: கூட வாழ்ந்த வெள்ளைக்காரக் காதலி மியூரியல், நாம் எல்லாருமே ஒதுக்கப்பட்டவர்கள்தானே, அதில் எல்லாரும் ஒன்றுதானே என்பாளாம். லார்டுக்கு அதைக் கேட்டாலே பிடிக்காது. ஏனென்றால் பெண்களைக் காதலிக்கும் பெண்கள் கூடுகிற மதுக்கடைக்கு இவர்கள் கூட்டமாகப் போனால், வயசுக்கு அத்தாட்சி காட்டு என்று வாசலில் லார்டை மட்டும் நிறுத்துவார்கள், இத்தனைக்கும் கூட வந்தவர்களைவிட இவர்தான் மூத்தவர்! உள்ளே போனால் எல்லாரும் ஒன்று, சரி, வாசலில்? உங்கள் வீட்டில் அந்த வாசல் பேப்பர் கப்.

நிறமும் ஜாதியும் ஒன்றா என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஒன்றில்லை. அங்கே தோலைப் பார்க்கிறார்கள், இங்கே எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். ஆனால் பக்கத்தில் நிற்கிறவளுக்கு அது கண்ணில் படாமல் போவது இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான்.

பாட் பார்க்கர் என்று இன்னொரு கறுப்பினக் கவிஞர், டயர் ரீட்ரேடிங் செய்தவருக்கும் வீட்டு வேலைக்குப் போன அம்மாவுக்கும் பிறந்தவர். தன்னோடு நட்பாக விரும்பும் வெள்ளைக்காரருக்குச் சொல்வதுபோல ஒரு கவிதை எழுதினார்: முதலில் நான் கறுப்பி என்பதை மறந்துவிடு, அடுத்தது, அதை ஒருநாளும் மறக்காதே. நீ முதல் பாதியை மட்டும் செய்துவிட்டாய்.

இப்போது செய்ய வேண்டியது. உடனே மன்னிப்புக் கேட்டு நீ அழுது, அவள் உன்னைத் தேற்றுகிற மாதிரி ஆக்கிவிடாதே. வீராவேசமாக வீட்டில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கவும் வேண்டாம். 2021இல், காதலித்து மதுரையில் வீட்டை விட்டுப் போன இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்ட ஜோடிகளைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டார், நல்லது, ஆனால் விஷயம் வெடித்தால் உனக்கு வீட்டுச் சிறை, அவளுக்கு அடி, அவள் தெருவுக்கும் சேர்த்து. அந்த முடிவை அவளைக் கேட்காமல் நீ எடுக்க முடியாது.

அடுத்த தடவை அவள் வரும்போது, வந்தால், அடுப்படிக்கு நீ போ. காபியை நீயே போட்டு, நீ குடிக்கிற அதே எவர்சில்வர் டம்ளரில் அவளுக்கும் ஊற்று. அவள் போனதும் அம்மா சத்தம் போடுவார், அந்த டம்ளரைத் தனியாக வைப்பார், இரண்டு நாள் பேசாமல் இருப்பார். வாங்கிக்கொள். அதை அவளிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்காதே.