மிஸியிடம் கேளுங்கள்: வார்டில் எதைப் பார்க்கிறோம், யாரிடம் சொல்கிறோம்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் நோயாளிகளை மருத்துவ வார்டிலும் அறுவை சிகிச்சை வார்டிலும் நீண்ட காலமாகப் பார்த்து வரும் தாதி நான். எங்களைத்தான் மிஸி என்று கூப்பிடுவீர்கள். தாதிமை படிக்கும் பிள்ளைகள், வேலைக்குப் புதிதாக வந்தவர்கள், வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்கள் என்று பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

தாதிமைக் கல்லூரி மாணவி: "மானிட்டரைப் பார்க்காதே, ஆளைப் பார் என்று சீனியர் மிஸி சொல்கிறார். ஆளிடம் எதைப் பார்ப்பது?"

முதலில் மூச்சை எண்ணுங்கள், தங்கச்சி. நாடி பிடிக்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல், முழு ஒரு நிமிடம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. உடம்பு சரியத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சுதான். சார்ட்டில் கண்மூடித்தனமாக எழுதப்படுவதும் அதுதான். வரிசையாக 18, 18, 18 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவர், குடலில் அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாள். காலை 6 மணிக்கு இரத்த அழுத்தம் 118/70, நாடி 104, மூச்சு 24, ஆக்சிஜன் 95 விழுக்காடு, உடல் சூடு 37.4. பிரிட்டனில் 2012இல் கொண்டுவந்த தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், ஒவ்வோர் அளவும் இயல்பை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினால் 4 வரும். மொத்தம் 5 வந்தாலோ, ஏதாவது ஒன்றுக்கு மட்டும் 3 வந்தாலோதான் டாக்டரை அவசரமாகக் கூப்பிடச் சொல்கிறது அந்த முறை. ஆக, காகிதம் பொறுத்திரு என்கிறது.

ஆனால் நேற்று இதே நேரம் அவருக்கு நாடி 82, மூச்சு 16. நேற்றுக் காலையில் பத்திரிகை வந்துவிட்டதா என்று கேட்டவர், இன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். கொண்டுவந்து வைத்த மைலோ ஏடு கட்டிக் கிடக்கிறது. இதை எந்த மதிப்பெண் முறையும் கூட்டித் தராது. நீங்கள்தான் கூட்ட வேண்டும்.

அப்புறம், ஏன் என்று வரிசையாக யோசியுங்கள். வலி தாங்காமல் மேல்மூச்சு வாங்குகிறாரா? அப்படியானால் எழுதிக் கொடுத்திருக்கும் வலி மருந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போய்ப் பாருங்கள், மூச்சு இறங்க வேண்டும். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா? ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருக்கிறதா? அப்படியென்றால் இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். வயிறு பலகை போல் இறுகியிருக்கிறதா? குடலில் போட்ட தையல் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது? கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்பது கணக்கு. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிக்குக் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போதிய இரத்தம் போகிறதா என்று கேட்க வேண்டிய நேரம்.

கவனிப்பது, அதன் பொருளை அறிவது, செயல்படுவது, செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார்ப்பது. தாதியின் மருத்துவத் தீர்மானத்தை இப்படி நான்காகப் பிரித்து கிறிஸ்டீன் டானர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2006இல் எழுதினார். தேர்வுக்கு மனப்பாடம் செய்வீர்கள், சரி. வார்டில் அந்த நான்காவது படிதான் அடிக்கடி விட்டுப்போகிறது. மருந்து கொடுத்ததோடு அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறோம்.

வேலைக்குப் புதிய தாதி: "நடுராத்திரியில் டாக்டரைக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறார்கள். எப்படிப் பேசுவது?"

"டாக்டர், நோயாளிக்கு உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது" என்று தொடங்கினால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. நான் யார், இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் பேசுங்கள். அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைக்கு வந்த முறை இது. மேலே சொன்ன பெரியவருக்காகக் கூப்பிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மலாயில் பேசினாலும் ஆங்கிலத்தில் பேசினாலும் சாரம் இதுதான்:

"டாக்டர், அறுவை சிகிச்சை வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசுகிறேன். 14ஆம் படுக்கைக்காரருக்கு மூச்சு 24, நாடி 104. நேற்று 16, 82. குடல் அறுவை முடிந்து நாலாவது நாள். வயிறு இறுகியிருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் 40 மில்லி சிறுநீர்தான் போயிருக்கிறது. தையல் கசிகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். இப்போதே வந்து பாருங்கள். அதுவரை வாய்வழி ஆகாரத்தை நிறுத்தட்டுமா? இரத்தம் எடுத்து வைக்கட்டுமா?"

இப்படிப் பேசினால் பெரும்பாலும் வந்துவிடுவார்கள். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். கூப்பிட்ட நேரத்தையும் கிடைத்த பதிலையும் குறிப்பில் எழுதுங்கள். எச்.ஓ. (பயிற்சி டாக்டர்) வரவில்லை என்றால் எம்.ஓ. (மருத்துவ அதிகாரி), அவரும் வரவில்லை என்றால் ஸ்பெஷலிஸ்ட். பொறுப்பில் இருக்கும் சிஸ்டருக்கும் சொல்லிவிடுங்கள். மேலே போவது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். படுக்கையில் கிடப்பவருக்காகப் பேச அந்த நேரத்தில் உங்களை விட்டால் ஆள் இல்லை.

லிந்தாங் பக்கமிருந்து ஒரு தாய்: "மகனுக்கு டிங்கி. காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆகிறது. வீட்டுக்கு விடுங்கள் என்றால் இனிமேல்தான் கவனமாகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஏன்?"

அவர்கள் சொல்வது சரிதான், அம்மா. டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது வரும், 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியே போகும், இரத்தம் கெட்டிப்படும். உடம்பு தொட்டால் சில்லென்று இருக்கும், குணமாகிவிட்டது என்று தோன்றும்.

அந்த நேரத்தில் மேல் அழுத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மேலுக்கும் கீழுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கிறோம். 110/70 ஆக இருந்தது 100/85 ஆனால், மேல் எண் இன்னும் 100தான், ஆனால் இடைவெளி 15க்கு வந்துவிட்டது. 20க்கோ அதற்குக் கீழோ வந்தாலே அதிர்ச்சி நிலை என்று ஓடுவோம். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, இதில் ஏதாவது தெரிந்தால் மிஸி வரும்வரை காத்திருக்காதீர்கள். போய்க் கூப்பிடுங்கள்.

செம்பனைத் தோட்ட லயத்திலிருந்து ஓர் அக்கா: "அம்மாவை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, காலில் புண். ஒரு பை நிறைய மருந்து. வீட்டில் எப்படிச் சமாளிப்பது?"

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மருந்துகளை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், அக்கா. அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்தது, பட்டணத்துத் தனியார் டாக்டர் கொடுத்தது, கடையில் வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து எல்லாம். ஒரே மருந்து இரண்டு பெயரில் வந்திருக்கும். இரண்டையும் விழுங்கிவிட்டு, சாப்பாடும் இறங்காமல், சர்க்கரை தாழ்ந்து விடியற்காலையில் மயங்கிய நிலையில் திரும்பி வரும் பாட்டிகள் அநேகம். நாட்டு மருந்து என்று சொன்னால் திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள்.

வேர்வை, நடுக்கம், குழறிய பேச்சு தெரிந்தால் சர்க்கரையைச் சோதியுங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், விழுங்க முடிகிறவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 999க்குக் கூப்பிடுங்கள்.

புறப்படும் முன் வார்டு மிஸியிடம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: புண்ணுக்குக் கட்டுப் போட எந்தக் கிளினிக், எந்தத் தேதி, அவர்களுக்கு என்று கடிதம் எழுதியாகிவிட்டதா? பழைய மருந்தில் எதை நிறுத்தியாகிவிட்டது? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் படி இறங்காதீர்கள்.

தாதியர் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. இரண்டு நாளுக்கு ஒருமுறை டிரஸ்ஸிங் என்று எழுதுவது எளிது. லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு எவ்வளவு தூரம், மகன் எந்த ஷிப்ட், கழிவறை வீட்டுக்கு வெளியிலா, படி ஏற வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். சொல்லிக் கொடுத்ததை அந்த அம்மா வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் நம்மவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள்.

ஒரு பேரன்: "பாட்டிக்கு இடுப்பெலும்பு அறுவை நடந்தது. ராத்திரியானால் செத்துப்போன தாத்தாவைக் கூப்பிடுகிறார், குழாயைப் பிடுங்குகிறார். பகலில் சும்மா இருக்கிறார். காத்து கருப்பு என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள்."

தம்பி, பாட்டி நெற்றியில் விபூதி பூசுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் அதற்கு முன் மிஸியிடம் சொல்லுங்கள். வயதானவர்களுக்குத் திடீரென்று வந்து, ஏறி இறங்கி, இரவில் முற்றும் இந்தக் குழப்பத்துக்கு உடம்பில் காரணம் இருக்கும். கிருமித் தொற்று, அடைத்துக்கொண்ட சிறுநீர், பல நாள் மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, குறைந்த சோடியம், குறைந்த ஆக்சிஜன், தூக்க மருந்து. ஒவ்வொன்றாகத் தேடினால் பெரும்பாலும் பிடிபடும், சரிசெய்ய முடியும். நான் முதல் பதிலில் சொன்ன மதிப்பெண் முறையின் 2017 திருத்தத்தின்படி, நோயாளிக்குப் புதிதாகக் குழப்பம் வந்தால் அது ஒன்றுக்கே 3 மதிப்பெண். அவ்வளவு முக்கியம் அது.

பகலில் சும்மா இருக்கிறார் என்கிறீர்களே, அதையும் சொல்லுங்கள். கூச்சல் போடுகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். அதே நோயில் சத்தமில்லாமல் சுருண்டு கிடக்கும் பாட்டியை நல்ல பாட்டி என்று விட்டுவிடுவார்கள்.

அவர் எப்போதும் இப்படித்தானா, இப்போதுதானா என்பது எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். "போன வாரம்வரை பேரப்பிள்ளைகள் பெயரையெல்லாம் சொன்னார்" என்ற ஒரு வரி போதும், டாக்டர் வேறு மாதிரி யோசிப்பார். பாட்டிக்கு மலாய் வராது என்றால் ராத்திரியில் தமிழ் பேசும் ஒருவர் கூட இருக்க அனுமதி கேளுங்கள். மூக்குக் கண்ணாடி, காது மெஷின் வீட்டில் கிடந்தால் இன்றைக்கே கொண்டுவாருங்கள். கையைக் கட்டச் சொல்லாதீர்கள், குழப்பம் கூடும்.

ஓர் ஐயா: "வயிற்றைக் கிழித்த மறுநாளே எழுந்து நட என்கிறார்கள். இது நியாயமா?"

நியாயம்தான் ஐயா. படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி தேங்கும், குடல் வேலை செய்யத் தாமதமாகும். நடப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வலி மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் கட்டிலில் உட்காருங்கள், தலை சுற்றவில்லை என்றால் நில்லுங்கள்.

வீட்டில் ஆக்சிமீட்டர் வைத்திருக்கும் ஒருவர்: "விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி 94 காட்டினால் நம்பலாமா?"

கறுத்த தோல் உள்ளவர்களுக்கு அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020இல் அமெரிக்காவில் வந்த ஆய்வுக்குப் பிறகு பெரிதாகப் பேசப்பட்டது. நம்மில் பலருக்குப் பொருந்தும். நகப்பூச்சை அழியுங்கள், விரலைச் சூடாக்குங்கள், திரும்பப் பாருங்கள். 94 காட்டினாலும், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

டயாலிசிஸ் நோயாளியின் மனைவி: "கணவரை வேறு காரணத்துக்காக வார்டில் சேர்க்கிறோம். என்ன சொல்ல வேண்டும்?"

எந்தக் கையில் ஃபிஸ்துலா (டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருக்கிறது என்பதைத்தான் முதலில் சொல்லுங்கள், அக்கா. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, இரத்தம் எடுக்கக் கூடாது, ட்ரிப் போடக் கூடாது. தொட்டால் அதிர்வு தெரிய வேண்டும், தினமும் தொட்டுப் பாருங்கள், நின்றுபோனால் உடனே சொல்லுங்கள். டயாலிசிஸ் எந்தெந்தக் கிழமை, எந்த மையம், உலர் எடை (கூடுதல் நீர் எல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை) எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அடுத்த டயாலிசிஸ் நாள் தவறாமல் இருக்க வார்டிலிருந்து மையத்துக்குப் பேசிவிட்டார்களா என்று அன்றைக்கே கேளுங்கள்.