கரண்ட் பிடிச்சு முடிஞ்ச பிறகும் அப்பாக்கு ஏன் கூடுது?

அக்கா,
நான் களுவாஞ்சிகுடி. அப்பாக்கு தொண்டையில கான்சர் எண்டு மாசி மாசம்தான் தெரிஞ்ச. 35 தரம் கரண்ட் (ரேடியேஷன்) பிடிச்சு, கிழமைக்கு ஒருக்கா மருந்தும் ஏத்தி, எல்லாம் முடிஞ்சிட்டு எண்டு வீட்ட அனுப்பி இண்டைக்கு 10 நாள். இனி சுகம் வரும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தம், இப்பதான் முன்னையவிட மோசம். ஒரு வாய் தண்ணி குடிச்சாலும் கண்ணால தண்ணி ஓடுது. நான் கரண்டியோட போனா சுவர்ப்பக்கம் திரும்பிடுறார், நேத்து கஞ்சிக்கோப்பையவே தட்டி விட்டுட்டார். படுவான்கரையில 40 வருஷம் வெள்ளாமை செஞ்ச மனிசன் அக்கா, சோத்த தட்டி நான் பார்த்ததே இல்ல. கரண்ட் உடம்புக்குள்ள இரிக்கும் எண்டு என்ட மூணு வயசு மகனையும் அப்பாக்கு கிட்ட போக அம்மா விடுறா இல்ல. நான் என்னத்த பிழையா செய்றன்?

தங்கச்சி,

நீங்க பிழையா ஒண்டும் செய்யல்ல. ரேடியேஷன் நிண்ட அண்டைக்கே புண்ணும் நிக்கிறல்ல, கடைசி நாளுக்குப் பிறகும் ஒரு கிழமை ரெண்டு கிழமை கூடித்தான் போகும், மறுகாதான் மெல்ல மெல்ல இறங்கும். உங்கட அப்பா இப்ப நிக்கிறது அந்த உச்சியில. எங்களுக்கு இத ஒருத்தரும் சொல்லித் தரல்ல. ஏழு வருஷத்துக்கு முன்ன என்ட அம்மாக்கும் இந்த வருத்தம்தான், மகரகமையில கான்சர் ஆஸ்பத்திரிக்கு கிட்ட ஒரு ரூம் எடுத்து ரெண்டு மாசம் இருந்தம், திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும் ஒவ்வொரு நாளும் அந்த பிளாஸ்டிக் வலை முகமூடிய போட்டு தலைய அசையவிடாம பூட்டி கரண்ட் பிடிப்பாங்க. கடைசி நாள் முடிஞ்சு உதயதேவி ரயில்ல வரக்குள்ள நான் மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வச்சன், எல்லாம் கடந்திட்டம் எண்டு. அடுத்த கிழமை அம்மா துப்பல விழுங்கவும் ஏலாம துவாய்ல துப்பிக்கொண்டு இருந்தா.

முதல்ல உங்கட மகன்ட விஷயம். வெளிய மெஷின்ல இருந்து பிடிக்கிற கரண்ட் உடம்பில தங்காது, மெஷின் நிண்ட உடன அதுவும் முடிஞ்சிது. தைரொயிட் கான்சருக்கு குடிக்கக் குடுக்கிற கதிர் மருந்துக்குத்தான் கொஞ்ச நாள் ஆக்கள தள்ளி இருக்கச் சொல்ற, அந்தக் கதை இதோட கலந்திட்டு போல. கான்சர் தொத்துற வருத்தமும் இல்ல. பிள்ளைக்கு தடிமன் காய்ச்சல் இருந்தா மட்டும் பார்த்துக்கொள்ளுங்க, மருந்து ஏத்தின உடம்பு. மற்றபடி அம்மாக்கு சொல்லி இண்டைக்கே பேரன அவர்ட மடியில விடுங்க.

இனி சாப்பாடு. அதுல நான் செஞ்ச பிழைய சொல்றன். அம்மாட நிறை ஒவ்வொரு கிழமையும் இறங்க இறங்க எனக்கு பயம் பிடிச்சு, கரண்டிய எண்ணத் தொடங்கிட்டன், இன்னும் மூணு, இன்னும் ரெண்டு, இத முடிச்சாத்தான் விடுவன் எண்டு. கதைக்க ஏலாததால அவக்கிட்ட ஒரு கொப்பி இருந்த. ஒருநாள் அதுல எழுதி என்ட பக்கம் தள்ளினா: "நான் உன்ட பிள்ளை இல்ல". அண்டைக்கு கோப்பைய பக்கத்தில வச்சிட்டு குசினிக்குள்ள போய் அழுதன். அரை மணித்தியாலத்தால வந்து பார்த்தா முக்கால்வாசி குடிச்சிருந்தா. வாயால வடியிறத நான் பார்க்கிறதுதான் அவக்கு வெக்கமா இருந்திருக்கு, எனக்கு அது விளங்கவே இல்ல. உங்கட அப்பா தட்டினது சோத்த இல்ல தங்கச்சி, ஊட்ட வந்த கையத்தான் எண்டு நான் நினைக்கிறன்.

அதுக்காக சாப்பிடாட்டி போகட்டும் எண்டு விட ஏலா. நோவுக்கு குடுத்த மருந்த சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல் குடுக்கலாமா, விழுங்க ஏலாட்டி தண்ணி மருந்தா மாத்தலாமா எண்டு டொக்டர்ட்ட கேளுங்க, எங்கட வீட்ட பாதிச் சண்டை அதோட நிண்ட. கஞ்சிய அடிச்சு, முட்டை, முள்ளெடுத்த மீன், தேங்காய்ப்பால் சேத்து, சூடு ஆறவிட்டு குடுங்க. உறைப்பும் புளியும் வேணாம். ருசி எண்டு ஒண்டு இப்ப அவருக்கு இல்ல. அம்மா மீன் சொதிய வைக்கோல் எண்டு எழுதினா, கரண்ட் முடிஞ்சு அஞ்சாம் மாசம்தான் தயிர்ல புளிப்பு தெரியுது எண்டா. நிறை இறங்கிக்கொண்டே போனா மூக்கால ட்யூப் போடச் சொல்லுவாங்க, பயப்படாதீங்க, கொஞ்ச நாளைக்குத்தான். ட்யூப் இருந்தாலும், டொக்டர் வேணாம் எண்டு சொன்னாலொழிய, விழுங்கிற பயிற்சிய விடக்கூடா, பாவிக்காத தொண்டை மறந்திடும். தண்ணி குடிக்கக்குள்ள ஒவ்வொரு தரமும் புரைக்கேறினா, காய்ச்சல் வந்தா, மூச்சுல சத்தம் கேட்டா, ரத்தம் கண்டா கிளினிக் நாள் வரும் வரைக்கும் நிக்காதீங்க, உடன கொண்டு போங்க.

இன்னொண்டு, பார்க்க வாற ஆக்கள். அவங்களும் பாசத்தில வாறதான், ஆனா கட்டில் தலைமாட்டில இருந்து இதே வருத்தத்தில ஆர் ஆர் மோசம் போன எண்டு கதைப்பாங்க. வாசல்லயே நிப்பாட்டுங்க. வெத்தில வட்டாவையும் அவர்ட கண்ணுக்கு முன்னால வைக்க விடாதீங்க. புகையில போடாட்டி பரவாயில்ல எண்டு சொல்லுவாங்க, வெறும் பாக்கே கான்சர் உண்டாக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ட கான்சர் ஆராய்ச்சிப் பிரிவு 2004லயே சொல்லிட்டு. என்ட அம்மா புகையில தொட்டதே இல்ல, பாக்குத்தான்.

இனி எப்ப பல்லுப் பிடுங்கப் போனாலும் கழுத்துக்கு கரண்ட் பிடிச்ச எண்டு முதல்ல சொல்லுங்க, தாடை எலும்பு லேசில ஆறாது. கழுத்துக்கு பிடிச்ச கரண்ட் தைரொயிட்டையும் பாதிக்கலாம், அதனால தைரொயிட் ரத்தப் பரிசோதனையும் ஆறு மாசம், ஒரு வருஷத்துக்கு ஒருக்கா செய்யச் சொல்லிக் கேளுங்க.

கொஞ்சம் எழும்பி நடக்க ஏலுமெண்டா பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு கழுத்த மெல்லிய பருத்திச் சீலையால மூடி, பட்டிருப்புப் பாலத்தால கூட்டிப் போய் வயல் கண்டத்த காட்டுங்க. தண்ணி காணுமா, எப்ப பசளை போடுற எண்டு அவர்ட்ட கேளுங்க, உங்களுக்கு தெரிஞ்சாலும் கேளுங்க. பதில கையால சொல்லுவார், அவசரப்படுத்தாம நிண்டு பாருங்க.