எரிவாயுக் கிணறு வந்தால் ஊருக்கு நல்லதுதானே, கழிவுநீரை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறார்கள்?

நல்லது இல்லை என்று சொல்ல மாட்டேன். நிலக்கரியை எரிப்பதோடு ஒப்பிட்டால் அதே மின்சாரத்துக்கு எரிவாயு கிட்டத்தட்ட பாதி கார்பன் டை ஆக்சைடுதான் விடும். ஆனால் கழிவுநீர் விஷயத்தை யாரும் ஊதிப் பெரிதாக்கவில்லை.

எரிவாயு சிக்கிக் கிடக்கும் ஷேல் என்ற களிமண் பாறையை உடைக்க ஒரு கிணற்றுக்கே ஒரு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். அதில் என்ன ரசாயனம் கலக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள், எனக்கு அதைவிட மேலே திரும்பி வருவதுதான் பெரிய தலைவலியாகத் தெரிகிறது. பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிடந்த உப்புநீரும் கூடவே வரும். அமெரிக்காவின் மார்செலஸ் பாறையில் அது கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு, போதாததற்கு பேரியம், ரேடியம், புரோமைடு எல்லாம் உண்டு. சாதாரண நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமிகளை விட்டுக் கழிவைத் தின்ன வைக்கிறோம், உப்பை எந்தக் கிருமியும் தின்னாது, வந்த மாதிரியே ஆற்றுக்குப் போய்விடும். மார்செலஸ் பாறை இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் இதுதான் நடந்தது. ஆற்றில் போன புரோமைடு கீழே இருக்கிற ஊர்களின் குடிநீர் நிலையத்தில் குளோரினோடு சேர்ந்தால் புற்றுநோய் அபாயமுள்ள சேர்மங்கள் உருவாகும். 2011-இல் எரிவாயு நிறுவனங்களிடம் மாநில அரசு இதை நிறுத்தச் சொன்னது, 2016-இல் நாடு முழுவதும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு இந்தத் தண்ணீரை அனுப்பவே தடை வந்தது.

சரி, வேறெங்கே கொட்டுவது? பூமிக்குள் ஆழமாகச் செலுத்தலாம் என்றார்கள். ஓக்லஹோமா என்ற இன்னொரு அமெரிக்க மாநிலத்தில் அப்படிச் செலுத்தித்தான் நிலநடுக்கம் பெருகியது, 2016-இல் பானி நகரத்துக்குப் பக்கத்தில் 5.8 அளவு வரை போனது. (பாறையை உடைத்ததால் வந்ததல்ல, பெரும்பாலும் கழிவுநீரைச் செலுத்தியதால் வந்தது. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) செலுத்தும் அளவைக் குறைத்ததும் நடுக்கமும் குறைந்தது. பென்சில்வேனியாவில் பெரும்பகுதியை அடுத்த கிணற்றுக்கே திரும்பப் பயன்படுத்துகிறார்கள், நல்ல யோசனைதான், ஆனால் புதுக் கிணறு தோண்டுவது நின்ற பிறகும் பழைய கிணறு உப்புநீரைக் கக்கிக்கொண்டேதான் இருக்கும், அப்போது அதை எங்கே கொண்டுபோவது?

பண விஷயமும் நினைப்பது போல இல்லை. ஷேல் கிணற்றின் உற்பத்தி பெரும்பாலும் முதல் வருடத்திலேயே பாதிக்கும் மேல் விழுந்துவிடும், துளையிடும் ஆட்கள் அதற்கு முன்பே அடுத்த இடத்துக்குப் போயிருப்பார்கள். நிலத்துக்காரருக்கு உரிமைத்தொகை (ராயல்டி) வரும், ஆனால் அது விலையோடு கட்டிப்போடப்பட்டது. 2008-இல் பத்து லட்சம் BTU என்ற வெப்ப அளவுக்குப் பத்து டாலரைத் தாண்டியிருந்த எரிவாயு விலை 2012 ஏப்ரலில் இரண்டு டாலருக்கும் கீழே போனது. குத்தகை கொடுக்காத பக்கத்து வீட்டுக்காரருக்கோ லாரிச் சத்தமும் புழுதியும் மட்டும்தான். நிறுவனம் திவாலாகிக் கைவிட்டுப்போன கிணற்றை அடைக்கும் செலவு கடைசியில் அரசின் தலையில்தான் விழுகிறது: இப்படி அனாதையாக நிற்கும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்காக அமெரிக்க அரசு 2021-இல் 470 கோடி டாலர் ஒதுக்கியது.